அம்பாளும் ஆண்டாளும் — வணிகப் பெயர் வழக்குகள் சில

(சென்ற ஆண்டு விழாவில் சங்கத்துச் சட்ட உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவென்றால் இசை உண்டு, நாடகம் உண்டு, விருந்து உண்டு. இவற்றுக்கு நடுவே சட்டம் பற்றி ஒரு சொற்பொழிவு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தை நாங்கள் தவறென்று சொல்லமாட்டோம். இலை போடுவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறதென்று செயலாளர் உறுதி கூறிய பின்னரே துணிந்து மேடை ஏறினோம். பேசுவது ஒருவர் வாயாயினும், சட்ட உதவிக் குழுவினர் நால்வரும் கூடி எழுதிய உரை இது. குற்றம் இருப்பின் நால்வருக்கும் பங்கு உண்டு.

சென்ற பொங்கலுக்கு முந்தின வாரம் நம் காலனியில் ஒரு சச்சரவு எழுந்ததைப் பலர் அறிவீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் இல்லங்களுக்கெல்லாம் அப்பளம் இட்டுக் கொடுத்து வருபவர் ஓர் அம்மையார். தம் ஊர் அம்மன் பெயரைச் சிவப்பு எழுத்தில் அச்சிட்ட மஞ்சள் தாள் ஒன்றை ஒவ்வொரு கட்டிலும் வைத்து விற்கிறார். கணவரை இழந்த பின், இரு பெண்களைப் படிக்கவைத்து மணம் முடித்துக் கொடுத்ததெல்லாம் அந்த அப்பளக் குழவியின் உழைப்பால்தான். மூன்றாண்டுகளுக்கு முன் இரண்டு தெரு தள்ளிக் குடிவந்த இளந் தம்பதியர் தாங்களும் அப்பளமும் வடாமும் செய்து விற்கத் தலைப்பட்டனர். அவர்கள் வைத்தது தங்கள் குலதெய்வத்தின் பெயர். முன்னதற்கும் இதற்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. தாளும் மஞ்சள், எழுத்தும் சிவப்பு. மங்கலம் கருதும் தமிழர் வீட்டில் மஞ்சளும் சிவப்பும் அன்றி வேறு எந்நிறம் வரும்?

ஒரு வீட்டு விருந்தில், எண்ணெயில் இட்ட அப்பளம் பொரியாமல் சுருண்டு கருகிற்று. பழி அம்மையார்மேல் விழுந்தது. ஒரு மாத காலம் அவர் வாயிற்படியை வாங்குவோர் மிதிக்கவில்லை. பிறகு தாளை எடுத்துப் பார்த்தால் அந்தக் கட்டு அவருடையது அன்று. இளந் தம்பதியரும் வஞ்சகர் அல்லர். அம்முறை வாங்கிய உளுந்து மாவு கெட்டிருந்ததென்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இரு தரப்பாரும் இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய இசைவைப் பெற்றே இதைச் சொல்கிறோம். பெயர்களை மட்டும் சொல்வதற்கில்லை.

அம்மையார் எங்களிடம் வந்து, "சாமி பெயரை என் பெயர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா?" என்று கேட்டார். மறுநாள் அந்த இளைஞர் வந்தார். "என் குலதெய்வத்தின் பெயரை நான் வைக்கக்கூடாது என்று சொல்ல யாருக்கு உரிமை?" என்றார். இரண்டுக்கும் விடை தேடிப் புறப்பட்டபோதுதான், நம் அப்பள வழக்குக்கு மூத்த வழக்கு ஒன்று சென்னையில் மூக்குப்பொடிக் கடையிலே பிறந்து, இதே தலைநகரின் சுப்ரீம் கோர்ட்டு வரை வந்து தீர்ந்திருப்பதைக் கண்டோம்.

சென்னையில் இரண்டு பொடி நிறுவனங்கள் இருந்தன. ஒன்று 'ஸ்ரீ அம்பாள்' என்னும் பெயரையும், நீரில் மிதக்கும் உருண்டையின்மீது தேவி வீற்றிருக்கும் படத்தையும் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்திருந்தது. மற்றொன்று, 'ஸ்ரீ ஆண்டாள்' என்னும் பெயரும் ஆண்டாள் படமும் கொண்ட சீட்டைப் பதிவு செய்யவேண்டுமென்று 1958-ஆம் ஆண்டில் விண்ணப்பித்தது. முன்னவர் எதிர்த்தனர். பதிவாளர், சென்னை உயர் நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறிய வழக்கு 1969 ஏப்ரல் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில் முடிவுற்றது.

நம்மவர் எவரைக் கேட்டாலும், இதில் வழக்கென்ன இருக்கிறது என்பர். ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலே அவதரித்து அரங்கனுக்கு மாலை சூடிக் கொடுத்தவள். அம்பாள் ஈசனின் இடப்பாகம் கொண்டவள். ஒருவர் கோயிலில் திருமண், மற்றவர் கோயிலில் திருநீறு. நம் வீட்டுப் பாட்டிமார் உறக்கத்திலும் இருவரையும் குழப்பமாட்டார்கள். விண்ணப்பதாரர் பக்கத்து வாதமும் ஏறக்குறைய இதுவே.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தென்னாட்டு இந்துக்கள் இவ்விருவரும் வெவ்வேறு தெய்வங்கள் என்பதை நன்கு அறிந்திருக்கலாம். ஆயினும் பொடி போடுகிறவர்கள் அனைவரும் தென்னாட்டார் அல்லர். அனைவரும் இந்துக்களும் அல்லர். பெயர்கள் இரண்டும் ஒலியில் மிக நெருங்கியவை. வாங்குகிறவர் மனத்தில் தங்குவது ஒரு பெயரின் ஓசையும், அருள் முகம் கொண்ட ஒரு தேவியின் மங்கிய நினைவுமே. வைணவ நாச்சியாருக்கும் சைவ தேவிக்கும் உள்ள நுட்ப வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டு எவரும் பொடி மட்டையைக் கேட்டு வாங்குவதில்லை. ஆகவே ஆண்டாளின் விண்ணப்பம் தள்ளப்பட்டது. தீர்ப்பை எழுதியவர் கல்கத்தாவிலிருந்து வந்த நீதிபதி பச்சாவத்.

இதைப் படித்தபோது எங்கள் நால்வருக்கும் முதலில் சிறிது மனத்தாங்கல் ஏற்பட்டது. கோதையையும் உமையையும் ஒன்றெனக் கருதும் தமிழன் எங்கே இருக்கிறான் என்று எங்களுள் ஒருவர் சினந்தும் பேசினார். பின்னர் ஒரு சோதனை செய்து பார்த்தோம். முச்சந்தியில் இருக்கும் மளிகைக் கடைப் பையனை அழைத்து, இரு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னோம். இரண்டு முறையும் அவன் 'அந்தால்' என்றான். நீதிபதி சொன்னது விளங்கிவிட்டது. நம் ஊரில் நமக்கிருக்கும் செவி வேறு, வெளியூரில் நம் பெயர்களைக் கேட்கும் செவி வேறு. நம் அம்மையாரின் அப்பளத்தை இன்று வாங்குவோரில் பாதிப்பேர் தமிழர் அல்லர் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

இவ்வகை வழக்குகளில் நீதிமன்றம் மனத்திலே நிறுத்திப் பார்க்கும் மனிதர் ஒருவர் உண்டு. அவர் மேதையும் அல்லர், மூடரும் அல்லர். சராசரி அறிவுடையவர், அரைகுறை நினைவுடையவர், கடைக்கு அவசரமாக வந்தவர். இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. முன்பு வாங்கியதன் நினைவு ஒன்றுதான் கையிலே. அந்த மனிதர் ஏமாறுவாரா மாட்டாரா என்பதே கேள்வி. இவரை நன்றாக அறிமுகப்படுத்திய வழக்கு ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அதில் ஓர் உறவும் இருக்கிறது.

லாகூரில் 1901-ஆம் ஆண்டு முதல் ஒரு வைத்தியர் மருந்து ஒன்று விற்று வந்தார். முதலில் 'அம்ருத் கீ தாரா' என்றும், 1903 முதல் 'அம்ருததாரா' என்றும் அதற்குப் பெயர். மக்களிடையே அது பெரிதும் பரவியது. 1947-இல் நாடு பிரிந்தது. லாகூர் எல்லைக்கு அப்பால் போயிற்று. மருந்துச் சாலை டேராடூனில் மீண்டும் எழுந்தது. வீடும் நிலமும் எல்லை தாண்டி வரமாட்டா. பெயர் மட்டும் வரும். அப்படி வந்த பெயர் அது.

இதற்கிடையே கான்பூரில் 1923 முதல் வேறொருவர் அத்தகைய மருந்தை 'லக்ஷ்மண்தாரா' என்னும் பெயரால் விற்று வந்தார். 1950-இல் அப்பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது டேராடூன் நிறுவனம் எதிர்த்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம், ஒன்று அமுதத்தின் ஓட்டம், மற்றொன்று லக்ஷ்மணனின் ஓட்டம், பொருள் வேறாகையால் குழப்பம் இல்லை என்ற போக்கிலே தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட்டு 1962 ஏப்ரலில் அதை மாற்றிற்று. மருந்து வாங்க வரும் எளிய மனிதர் பதம் பிரித்துப் பொருள் கூறிப் பார்ப்பதில்லை. முழுச் சொல்லையும் ஒரே ஓசையாகவே கேட்கிறார். இரண்டும் ஒத்த பெயர்களே என்றது.

இத்தோடு முடிந்திருந்தால் டேராடூனுக்கு முழு வெற்றி. ஆனால் தீர்ப்பில் இன்னொரு பாதி உண்டு. கான்பூர்க்காரர் நெடுங்காலமாக ஒளிவுமறைவின்றி வாணிகம் செய்து வந்திருக்கிறார். அது தெரிந்தும் எதிர்த் தரப்பு வாளாவிருந்திருக்கிறது. ஆகவே 'லக்ஷ்மண்தாரா'வுக்கும் பதிவு உண்டு, ஆயின் உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் என்று பதிவாளர் முன்பு செய்திருந்த ஏற்பாட்டையே நீதிமன்றம் நிலைநிறுத்தியது. பெயர் ஒத்திருக்கிறதென்று சொன்ன அதே நீதிமன்றம், வாய் திறக்காமல் இருந்த காலத்துக்கும் ஒரு விலை வைத்துவிட்டது. இந்நாளைய சட்டமும் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது. பதிவு பெற்ற ஒருவர், பின்னால் பதிவு பெற்ற மற்றொருவரின் உபயோகத்தை அறிந்தும் தொடர்ச்சியாக 5 ஆண்டுகள் பொறுத்திருந்தால், அவர் தீய எண்ணத்தோடு பதிவு செய்தவராக இருந்தாலன்றி, பிறகு தடுக்க இயலாது.

பொருள் வேறாயிருந்தாலும் பெயர்ச் சண்டை வரலாம். குளுக்கோஸ் மாவுக்கு 'குளுக்கோவிட்டா' என்ற பெயர் இருக்க, பிஸ்கோத்துக்கு 'குளுவிட்டா' என்று பெயர் வைக்க விரும்பினார் ஒருவர். பிஸ்கோத்திலும் குளுக்கோஸ் சேர்கிறது. மக்கள் இரண்டையும் ஒரே வீட்டுச் சரக்கென்று எண்ணுவர் என்று 1959-இல் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. தெலுங்கு நாளிதழ் 'ஈநாடு'வின் பெயரைப் பெங்களூர் ஊதுவத்திக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டபோது, ஆந்திரப் பிரதேசத்தில் அப்பெயரால் ஊதுவத்தி விற்கலாகாதென்று 2011-இல் தடை உறுதியாயிற்று. பத்திரிகையைப் படிப்பவர் அதையே கொளுத்தி மணம் நுகரமாட்டார்தான். ஆனால் பிறர் வளர்த்த பெயரின் நிழலில் கடை விரிப்பதும் குற்றமே என்பது தீர்ப்பின் கருத்து.

இச்சட்டத்தின் வரலாற்றில் நம்மவர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1940-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைத் திருத்தும் பொருட்டு ஆராய்ந்து, 1955-இல் அறிக்கை கொடுத்தவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த என். ராஜகோபால ஐயங்கார். அதைத் தொடர்ந்தே 1958-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பின்னர் அவரே சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகி, எர்ணாகுளத்து 'நவரத்ன' மருந்து நிறுவனத்தார் தொடுத்த வழக்கில் 1964-இல் தீர்ப்பு எழுதினார். பதிவு பெற்ற குறியைப் பிறர் மீறுவதும், பதிவு இல்லாவிடினும் தன் சரக்கைப் பிறர் சரக்கென்று தோன்றச் செய்து விற்பதும் இரு வேறு தவறுகள் என்பதை அத்தீர்ப்பு வரையறுத்தது. முன்னதில், குறியின் உயிர்நாடியான பகுதியை எடுத்துக்கொண்ட பின், தாளின் நிறத்தையும் ஓரத்துப் பூவேலையையும் மாற்றினேன் என்று சொல்லித் தப்ப இயலாது. பின்னதில், அத்தகைய வேறுபாடுகள் போதுமான அளவு இருந்தால் தப்ப வழியுண்டு. அறிஞர்கள் இன்றும் எடுத்தாளும் தீர்ப்பு அது. இப்போது நடைமுறையில் இருப்பது 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம்.

பதிவு பெரிதா, பழக்கம் பெரிதா என்ற வினாவுக்கு விடை திருநெல்வேலியிலிருந்து வந்தது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் மங்கிய விளக்கொளியில் அல்வா விற்கும் சிறு கடை. பெயர்ப் பலகை வைத்துப் பெயர் சூட்டியவர் எவரும் இல்லை. வாங்கியவர்கள் 'இருட்டுக்கடை' என்றார்கள், அது நின்றுவிட்டது. அக்கடையைத் தொடங்கிய குடும்பம் வடநாட்டிலிருந்து நெல்லைக்குக் குடிபெயர்ந்து வந்தது என்பதைத் தலைநகரில் குடியேறியிருக்கும் நாம் ஒரு புன்முறுவலோடு நினைத்துக்கொள்ளலாம். வடக்கத்தியார் செய்த பண்டத்துக்குத் தமிழ் மக்கள் தமிழில் இட்ட பெயர் அது.

பிற்காலத்தில் வேறொருவர் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று பெயர் வைத்து விற்றார். அவரும் பதிவு பெற்றிருந்தார். இருவர் கையிலும் பதிவு இருக்கும்போது எவரை எவர் தடுப்பது? 2015 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, முதலில் இருந்து அப்பெயரை வழங்கி நற்பெயர் தேடியவரின் உரிமையே மேலானது, பின்னால் வந்த பதிவு அதைக் கெடுக்காது என்று தீர்ப்பளித்தது. முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொண்டதும் அவருக்கு உதவவில்லை.

கூட்டாளிகளும் பங்காளிகளும் பிரிந்தபின் எழும் பெயர்ச் சண்டைகளைத் தனியாகவே ஓர் ஆண்டு விழாவில் பேசலாம். ஒன்றை மட்டும் சொல்கிறோம். நம்மவர் பலர் முதன்முதலில் குடியேறிய கரோல் பாகிலேயே நிகழ்ந்தது அது. பீகானேரிலிருந்து வந்த 'ஹல்திராம்' குடும்பத்தார் 1974-இல் கூட்டைக் கலைத்தபோது, மேற்கு வங்கம் ஒரு கிளைக்கும் ஏனைய பகுதிகள் மறுகிளைக்கும் என்று பெயரைப் பங்கிட்டுக்கொண்டனர். 1991-இல் கல்கத்தாக் கிளையார் கரோல் பாகில் கடை திறக்கவே வழக்கு எழுந்தது. வழக்குத் தொடுத்த கூட்டு நிறுவனம் பதிவு பெறாததாயிற்றே, வழக்கே செல்லாது என்று எதிர்வாதம் செய்தனர். பெயரைக் காக்கும் உரிமை ஒப்பந்தத்திலிருந்து பிறந்ததன்று. ஆதலால் அக்குறை தடையாகாது என்று 2000-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. சிறு தொழில் நடத்தும் நம் இல்லத்தார் பலர் கூட்டாகச் செய்தும் பதிவு செய்யாதவர்களே. அவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

மருந்துப் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். மலேரியா மருந்துகள் இரண்டு, 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' என்று பெயர் கொண்டு மோதிய வழக்கில் 2001-இல் சுப்ரீம் கோர்ட்டு, பல மொழிகள் பேசும் இந்நாட்டில் மருந்துப் பெயர்களை இன்னும் கண்டிப்பாகவே பார்க்கவேண்டும் என்றது. அப்பளம் மாறினால் விருந்து கெடும். மருந்து மாறினால் உயிர் போகும்.

இனி அந்த இரு கேள்விகளுக்கும் வருவோம்.

சாமி பெயருக்கு உரிமை உண்டா? முழுமையாக இல்லை. ஊதுவத்திக்கு 'ராமாயணம்' என்னும் பெயரைத் தனியுரிமையாகக் கேட்டவருக்கு 2015 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு இல்லையென்று சொல்லிவிட்டது. புனித நூலின் பெயரை ஒருவர் வேலி கட்டி வைத்துக்கொள்ள இயலாது. அப்படியானால் அம்பாள் எப்படி வென்றாள் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம், எங்களுக்குள் இன்றும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. எங்களுக்குப் பட்டது இது: தெய்வத்தின் பெயர் எல்லார்க்கும் பொது. ஆனால் அப்பெயரைச் சொன்னவுடன் ஒரு குறிப்பிட்ட கையால் இட்ட அப்பளமே மக்கள் நினைவுக்கு வரும்படி ஒருவர் இருபது ஆண்டு உழைத்திருப்பாரானால், அந்த நினைவு அவருடையது. சட்டம் காப்பது அந்த நினைவைத்தான்.

குலதெய்வத்தின் பெயரை வைக்கக்கூடாதா? பூசையறையில் வைக்கலாம், பிள்ளைக்கு வைக்கலாம். அப்பளக் கட்டில் வைக்கும்போது மட்டும், முன்பே அங்கே இருப்பவரின் வாடிக்கையாளர் தடுமாறுவாரா என்று பார்க்கவேண்டும். வஞ்சக எண்ணம் இல்லை என்பது நல்ல மனத்துக்குச் சான்று. ஆனால் வழக்கில் அது மட்டும் போதாது. மக்கள் மயங்குவதற்கும் அதனால் நட்டம் விளைவதற்கும் இடமிருந்தாலே தடை கிடைக்கும். பொங்கல் வாரத்தில் விளைந்தது அந்நட்டமே.

அம்மையார் செய்யத் தவறியதும் ஒன்று உண்டு. அவர் பதிவு செய்யவில்லை. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனிநபர் ஒருவர் கணினி வழியே ஒரு வகைப் பண்டத்துக்கு விண்ணப்பிக்க 4,500 ரூபாய் கட்டணம். பத்திரிகையில் வெளியிட்ட பின் 4 மாதங்களுக்குள் எவரும் எதிர்க்கலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். நம் தலைநகரத்து அலுவலகம் துவாரகையில் இருக்கிறது. பழைய விலைச் சீட்டுகள், அச்சகத்து ரசீதுகள், முதன்முதலில் அடித்த மஞ்சள் தாளின் பிரதி ஆகியவை இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். அம்மையாரிடம் இருபது ஆண்டுக்கு முந்தைய அச்சக ரசீது ஒன்று, சமையற்கட்டு அலமாரியில் விரித்த தாளுக்கு அடியிலிருந்து கிடைத்தது. அது எங்களுக்குப் பொற்காசு கிடைத்தது போல் இருந்தது.

வழக்குத் தொடுக்கலாமா என்றும் அவர் கேட்டார். தொடுத்தால் அவர் பக்கமே நியாயம் மிகுதி என்பது எங்கள் கருத்து. ஆயினும் ஆண்டாள் விண்ணப்பித்தது 1958, முடிந்தது 1969. லக்ஷ்மண்தாரா விண்ணப்பித்தது 1950, முடிந்தது 1962. இக்கணக்கைச் சொன்னதும் அம்மையார், "அதற்குள் என் கைக்குக் குழவி பிடிக்கத் தெம்பு இருக்குமா?" என்றார். எங்களால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

ஆகவே வருகிற ஞாயிறு மாலை 4 மணிக்கு, சங்க அலுவலக அறையில் இரு தரப்பாரும் கூடுவதாக ஏற்பாடு. தத்தம் கட்டு ஒன்றும், தாள் ஒன்றும் கொண்டு வருவார்கள். தாளின் நிறத்தை மாற்ற இளந் தம்பதியர் முன்பே இசைந்துவிட்டார்கள். ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்துக்கொள்கிறேன் என்று இளைஞர் சொன்னார். இருட்டுக்கடை வழக்கை எடுத்துக் காட்டி, அது போதாதென்றோம். தம் குலதெய்வத்துக்கு வேறு திருநாமம் ஏதும் உண்டா என்று ஊரிலிருக்கும் தந்தையாரைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். கோயில் பூசாரியை விசாரித்துச் சொல்வதாக அவர் கூறியிருக்கிறாராம். மறுமொழி இன்னும் வரவில்லை.

செயலாளர் கையசைக்கிறார், இலை போட்டாயிற்று போலும். இன்றைய விருந்துக்கு அப்பளம் இரு வீட்டிலிருந்தும் வந்திருக்கிறது.